எண்ணூற்று நாற்பத்தெட்டு பிப்ரவரி நாட்கள்

கடல் உறைந்துவிட்டது.
ஹருலாய்த் தீவிலிருந்து எஸ்தோனியப் பெருநிலம் வரை
பனிமேல் பாதை.
இருபுறமும் ஜூனிப்பர் கிளைகளை நட்டிருக்கிறார்கள்.
பத்து ஆண்டுக்குப் பின் திறந்த பாதை.
சீட் பெல்ட் போடாதே என்கிறது பலகை:
உடைந்தால் குதிக்க வேண்டுமே.

மைமு தாம்பெர்க்குக்கு வேடிக்கை பார்க்க நேரமில்லை.
வெள்ளைப் பெட்டியின் கதவைத் திறந்து
மூச்சை அடக்கிக்கொள்கிறாள்.
மூச்சுப் பட்டால் பாதரசம் பொய் சொல்லும்.
மைனஸ் பத்தொன்பது புள்ளி நான்கு.
எழுதும் பேனாவே விறைத்து,
பென்சிலுக்கு மாறினாள்.

உதைசறுக்கு வண்டியில் வந்த எண்டெல்
மீசையில் பனி தொங்கச் சிரித்தான்:
"உலகம் சூடாகிறதாமே?
உன் பெட்டிக்குத் தகவல் வரவில்லையா?"

அவள் கையை மட்டும் அசைத்தாள்.
உள்ளே, மேசைமேல்
முக்கால்வாசி முடிந்த ஒரு கணக்கு.

தமிழில் நாம் இரண்டு சொல் வைத்திருக்கிறோம்.
வானிலையில் வானம் நிற்கிறது,
காலநிலையில் காலம்.
வானமா நிற்கும்?
எட்டு மணிக்கு ஒரு முகம், பதினொன்றுக்கு வேறு.
காலமும் நிற்பதில்லை.
ஆனால் முப்பது ஆண்டு
ஒரே மேசையில் குனிந்து எழுதினால்
அது நகர்ந்த சுவடு தெரியும்,
ஒரு தசமப் புள்ளிக்குப் பின்னால்.

தொண்ணூற்றொன்று முதல் இரண்டாயிரத்து இருபது வரை
பிப்ரவரி மட்டும் எண்ணூற்று நாற்பத்தெட்டு நாள்.
எட்டு லீப் ஆண்டுகளையும் அவள் மறக்கவில்லை.
மீன்வலை கிழிந்த நாள் அதில் இருக்கிறது.
பனியே இல்லாமல் சீல் குட்டிகள்
கரைச்சேற்றில் பிறந்த வாரம் இருக்கிறது.
மோதிரத்தைக் கழற்றி இழுப்பறையில் போட்ட நாளும் இருக்கிறது:
ப்ளஸ் மூன்று, தூறல், தென்மேற்குக் காற்று.
எந்த நாளுக்கும் தனி எடை கிடையாது.
கண்ணீர் வந்த நாளும்
எண்ணூற்று நாற்பத்தெட்டில் ஒரு பங்குதான்.

கூட்டினாள். வகுத்தாள். மறுபடி வகுத்தாள்.
மைனஸ் இரண்டு புள்ளி இரண்டு.

பழைய பட்டியலில் மைனஸ் மூன்று புள்ளி ஒன்பது.
நடுவில் ஒரு கோடு ஓடுகிறது, மைனஸ் மூன்றில்.
அதற்குக் கீழே போனால் டி:
பனி வந்து தரையில் குடியிருக்கும் நிலம்.
மேலே வந்தால் சி:
பனி விருந்தாளியாக வந்துபோகும் நிலம்.
இன்னும் எழுத்துகள் உண்டு,
குளிர்காலமே அறியாத ஏ,
மழையைவிடத் தாகம் பெரிதான பி,
ஒரு மரமும் நிமிராத ஈ.
முதலில் இவற்றைப் பிரித்தவர்
மேகத்தைவிட அதிகம் பார்த்தது செடிகொடியைத்தானாம்.
எந்த மரம் எங்கே நின்றுவிடுகிறதோ
அங்கே கோடு.
நிலத்துக்குப் பூவின் பெயர் வைத்த மொழியில்
இதை எழுதும் எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

கோடும் மனிதர் போட்டதுதான்.
சிலர் அதைப் பூச்சியத்தில் போடுகிறார்கள்;
அவர்கள் வரைபடத்தில் ஹருலாய்த் இன்னும் டி.
மைமுவுக்கு அது தெரியும்.
ஆனாலும் அவள் கையேட்டில் கோடு மைனஸ் மூன்று.

ஆக, கடல் கல்லான இந்தக் காலையில்,
குழாய் வெடித்த பள்ளிக்கு விடுமுறை விட்ட காலையில்,
டி-யை அடித்துவிட்டு
சி என்று எழுதினாள்,
இரண்டு கையுறைகளில் ஒன்றை மட்டும் கழற்றி.

எண்டெலிடம் இதை எப்படிச் சொல்வது?
சன்னலில் அவன் புள்ளியாகத் தெரிகிறான்,
பனிமேல், பெருநிலத்தை நோக்கி.
அவன் கன்னத்தைக் கடிக்கும் இந்தக் குளிர் பொய்யில்லை.
ஆனால் இந்தக் கணக்கில் அதற்கு இடமில்லை.
பட்டியல் டிசம்பரோடு மூடியாயிற்று.

புது நோட்டை எடுத்தாள்.
முதல் பிப்ரவரி.
மைனஸ் பத்தொன்பது புள்ளி நான்கு,
தெளிந்த வானம், காற்றில்லை.
இதை முப்பதால் வகுக்கும்போது
அவளுக்குத் தொண்ணூற்றொரு வயது.
அன்றைக்கு யார் கையோ.
அந்தக் கைக்குப் புரியட்டும் என்று
நான்கின் கோணலைத் திருத்தி எழுதினாள்.

பிறகு அடுப்பில் ஒரு கட்டை போட்டாள்.